வாடிக்கையாளரின் சொல் ஓர் அமானிதம்: நற்சான்று மென்பொருளைத் தெரிவு செய்வோருக்கான ஒரு வழிகாட்டி

திருகோணமலையின் சுற்றுலாப் பருவம் வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதங்கள்தான். ஏப்ரல், மே மாதங்களில் கடல் அமைதியடையும்போது தொடங்கும் வியாபாரம், வடகீழ்ப் பருவமழை நெருங்கும் ஒக்டோபரோடு ஓய்ந்துவிடுகிறது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் படகு விடுபவர்கள், துறைமுகத்தை அண்டிய வீதிகளில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருட வருமானத்தின் பெரும் பகுதியை இந்தக் காலத்துக்குள்தான் தேடிக்கொள்ள வேண்டும். வருகின்ற விருந்தினர் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போய்விடுவார். அவர் எம்மைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகும் நாலு வார்த்தைதான் அடுத்த விருந்தினரை அழைத்து வருகிறது.

அந்த நாலு வார்த்தையைச் சேகரித்து இணையத்தளத்தில் வெளியிடுவதற்கென்றே இன்று பல மென்பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. எமது இளைஞர்கள் பலர் தங்கள் வாப்பாவின் விடுதிக்கும், மாமாவின் உம்ரா முகவர் நிலையத்துக்கும், தாங்களே நடத்தும் இணையவழி ஆடைக் கடைக்கும் இவற்றைத் தேடுகிறார்கள். விளம்பரங்களில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஆனால் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை மூன்று. சொன்னவர் உண்மையான வாடிக்கையாளர்தான் என்று காட்ட முடிகிறதா? அவருடைய அனுமதி பதிவாகிறதா? நாளை அந்த மென்பொருளை விட்டு விலகினால் அவருடைய சொல்லை எம்முடன் எடுத்துச்செல்ல முடிகிறதா? இம்மூன்றுக்கும் திருப்தியான பதில் இல்லாத மென்பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எமக்கு நட்டம்தான்.

ரிவியூ வேறு, நற்சான்று வேறு

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ரிவியூ என்பது கூகுள் மெப்ஸ், ட்ரிப் அட்வைசர், புக்கிங் டொட் கொம், பேஸ்புக் போன்ற பொதுத் தளங்களில் வாடிக்கையாளர் தானாக எழுதுவது. அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். உரிமையாளர் அதற்குப் பதில் எழுதலாம். தளத்தின் விதிகளை மீறியிருந்தால் முறைப்பாடு செய்யலாம். பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க முடியாது.

நற்சான்று என்பது நாம் கேட்டுப் பெற்று, நாமே தெரிவு செய்து, எமது இணையத்தளத்திலோ முகநூல் பக்கத்திலோ வெளியிடுவது. அதில் எதைப் போடுவது, எதை விடுவது என்பது எம் கையில் இருக்கிறது. ஆகவே வாசிப்பவர் அதை இயல்பாகவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். தேடற்பொறிகளும் அப்படித்தான் பார்க்கின்றன. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே வெளியிடும் மதிப்பீடுகளுக்குத் தேடல் முடிவுகளில் நட்சத்திரம் காட்டுவதை கூகுள் 2019 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. "எங்கள் மென்பொருளைப் போட்டால் கூகுளில் உங்கள் விடுதியின் பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் விழும்" என்று யாராவது சொல்லி விற்றால், அந்த இடத்திலேயே நிதானித்துக்கொள்ளுங்கள்.

எனவே ஒழுங்கு இதுதான்: முதலில் பொதுத் தளத்தில் ரிவியூ, அதன்பின் எமது தளத்தில் நற்சான்று. முதலாவது எம்மைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுகிறது. இரண்டாவது, கண்டுபிடித்து வந்தவரின் தயக்கத்தைப் போக்குகிறது.

இது ஏன் சிறு வியாபாரிக்கு முக்கியம்?

அப்போது ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் பேராசிரியராக இருந்த மைக்கல் லூக்கா அமெரிக்காவின் சியாட்டல் நகர உணவகங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அவர் கண்டார். இந்தப் பலன் தனியார் நடத்தும் சிறு உணவகங்களுக்கே கிடைத்தது. கிளைகளோடு இயங்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பெரிய நிறுவனத்தின் பெயரே அதற்குச் சான்று. பெயர் தெரியாத ஒரு சிறு கடைக்கு வாடிக்கையாளரின் சொல்தான் சான்று.

எமது சமூகத்துக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாக வதந்தி பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுப் பொருள்தான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு நடந்த பிரசாரத்தையும் நாம் மறக்கவில்லை. நற்சான்றுகள் அத்தகைய வன்முறையைத் தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. ஆனால் கண்டியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் குடும்பத்தோடு வருகின்ற ஒரு சிங்கள விருந்தினர், "இந்தக் கடையில் சாப்பிட்டோம், இந்த விடுதியில் தங்கினோம், நன்றாகக் கவனித்தார்கள்" என்று தன் மொழியில், தன் பெயரோடு எழுதி வைத்துவிட்டுப் போவது சாதாரண விடயமல்ல. அடுத்த குடும்பத்தின் மனதிலுள்ள தயக்கத்தை அது நீக்குகிறது. அதனால்தான் அந்தச் சொல்லில் ஒரு துளி பொய்யும் கலக்கக்கூடாது. ஒன்று போலி என்று தெரிந்தால் மற்ற அத்தனையும் போலியாகிவிடும்.

நான்கு வகை மென்பொருள்கள்

சந்தையில் உள்ளவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தால் தெரிவு இலகுவாகும்.

*முதலாவது: பொதுத் தளங்களின் இலவச வணிகக் கணக்குகள்.* கூகுள் பிசினஸ் புரொபைல் இவற்றில் முதன்மையானது. இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டால் ரிவியூ எழுதுவதற்கான நேரடி இணைப்பையும் கியூஆர் குறியீட்டையும் அது தருகிறது. அந்தக் குறியீட்டை அச்சிட்டுக் காசாளர் மேசையிலோ அறைச் சாவியின் அட்டையிலோ வைத்துவிட்டால் போதும். ட்ரிப் அட்வைசரிலும் விடுதி, உணவகம், படகுச் சுற்றுலா ஆகியவற்றுக்குக் கணக்குத் திறக்கலாம். புக்கிங் டொட் கொம்மில் அத்தளத்தின் வழியாக முன்பதிவு செய்தவர் மட்டுமே எழுத முடியும். அதனால் அங்கு கிடைக்கும் ரிவியூவுக்கு நம்பகத்தன்மை அதிகம்.

*இரண்டாவது: கையிலுள்ள சாதாரணக் கருவிகள்.* கூகுள் போர்ம்ஸ், அதன் பதில்கள் சேரும் கூகுள் ஷீட்ஸ், வட்ஸ்அப் பிசினஸ் ஆகியன. செலவில்லை. எழுதியவரின் சொல், திகதி, அனுமதி எல்லாம் ஓர் அட்டவணையில் ஒழுங்காகச் சேரும். ஒரு குறை உண்டு: கூகுள் போர்ம்ஸில் புகைப்படம் ஏற்றச் சொன்னால் எழுதுபவர் தனது கூகுள் கணக்கினுள் நுழைய வேண்டியிருக்கும். பலர் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுத்தைப் படிவத்திலும் படத்தை வட்ஸ்அப்பிலும் வாங்கிக்கொள்வது நல்லது.

*மூன்றாவது: இணையத்தளத்தோடு சேர்ந்து இயங்கும் செருகுநிரல்கள்.* உங்கள் தளம் வேர்ட்பிரஸில் இருந்தால் ஸ்ட்ரோங் டெஸ்டிமோனியல்ஸ், சைட் ரிவியூஸ் போன்றவற்றை நிறுவலாம். வூகொமர்ஸ் மூலம் பொருள் விற்பவர்களுக்கு மேலதிக மென்பொருளே தேவையில்லை. உண்மையில் பொருளை வாங்கியவர் மட்டுமே ரிவியூ எழுதலாம் என்ற அமைப்பு அதிலேயே இருக்கிறது. ஷொப்பிஃபை பாவிப்பவர்கள் ஜட்ஜ் டொட் மீ போன்றவற்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவ்வகையின் பெரிய நன்மை, தரவுகள் உங்கள் சொந்தத் தளத்திலேயே இருப்பது.

*நான்காவது: நற்சான்றுக்கென்றே உள்ள சந்தா சேவைகள்.* டெஸ்டிமோனியல் டொட் டு, சென்ஜா போன்றவை இதில் அடங்கும். ஓர் இணைப்பை அனுப்பினால் வாடிக்கையாளர் தன் கைத்தொலைபேசியிலேயே எழுதியோ வீடியோவில் பேசியோ அனுப்பிவிடலாம். வந்தவற்றைப் பார்த்து, ஏற்றுக்கொண்டவற்றை அழகான பலகையாக உங்கள் தளத்தில் காட்டலாம். வேலை மிகச் சுலபம். ஆனால் இலவசப் பாவனைக்கு எல்லை உண்டு. அதற்கு மேல் டொலரில் மாதச் சந்தா.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. *டிசம்பரில் சந்தாவை நிறுத்தினால் என்ன நடக்கும்?* எமது மாவட்டத்துக்கு இதுவே முதற் கேள்வி. மாதம் 20 டொலர் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 240 டொலர். அதில் பாதி, விருந்தினர் வராத மழைக்காலத்துக்குரியது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தாண்டியதையும் நினைவில் வையுங்கள். அதே 20 டொலர் 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபாவாகியது. சந்தாவை நிறுத்தியவுடன் உங்கள் தளத்திலிருந்த நற்சான்றுப் பலகை வெறுமையாகிவிடுமா, அல்லது பழையவை அப்படியே இருக்குமா? எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அடுத்த பருவத்துக்கான முன்பதிவைத் திட்டமிடுபவர்கள் மழைக்காலத்தில்தான் உங்கள் தளத்தைப் பார்க்கிறார்கள்.

2. *எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா?* எழுத்து, பெயர், திகதி, அனுமதி, வீடியோ அனைத்தும் வெளியே வர வேண்டும். எழுத்துக்கு எக்செல்லில் திறக்கக்கூடிய சீஎஸ்வி கோப்பும், வீடியோவுக்கு எம்பி4 கோப்பும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த வசதியை மிக விலை கூடிய திட்டத்தில் மட்டும் வைத்திருக்கும் சேவையைத் தவிர்த்துவிடுங்கள்.

3. *தமிழும் சிங்களமும் சரியாக வருகின்றனவா?* படிவத்தின் கேள்விகளை மூன்று மொழிகளிலும் எழுத முடிய வேண்டும். வெளியிட்ட பின் கொம்பும் விசிறியும் எழுத்தை விட்டு விலகி நிற்கக்கூடாது. தட்டச்சு செய்பவர் பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டினால் இணையத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்; யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். மொழிபெயர்த்து வெளியிடுவதானால் மூலத்தையும் அருகில் காட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. *சொன்னவர் உண்மையான வாடிக்கையாளர் என்பதற்கு என்ன அடையாளம்?* முன்பதிவு இலக்கம், பற்றுச்சீட்டு இலக்கம், பயணத் திகதி ஆகியவற்றில் ஒன்றையாவது படிவத்தில் கேட்க முடிய வேண்டும். அதை வெளியிட வேண்டியதில்லை. உங்கள் பதிவில் இருந்தால் போதும்.

5. *அனுமதி எப்படிப் பதிவாகிறது?* "சமர்ப்பித்தால் சம்மதித்ததாகக் கருதப்படும்" என்ற ஒரு வரி போதாது. பெயருக்கு, புகைப்படத்துக்கு, வீடியோவுக்கு எனத் தனித்தனியாகத் தெரிவு செய்யும் பெட்டிகளை நாமே அமைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

6. *பலவீனமான இணைப்பில் வேலை செய்கிறதா?* கடற்கரையிலும் படகுத்துறையிலும் எல்லோரிடமும் நல்ல சிக்னல் இருக்காது. கணக்குத் திறக்கச் சொல்லாத, செயலி இறக்கச் சொல்லாத, ஒரே பக்கத்தில் முடிகின்ற படிவமே எமக்குப் பொருத்தம்.

7. *மென்பொருள் வாடிக்கையாளரின் சொல்லை மாற்றுகிறதா?* செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நற்சான்றை "மெருகூட்டித்" தரும் வசதி இப்போது பல சேவைகளில் இருக்கிறது. எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு; அவர் சொல்லாத புகழ்ச்சியை அவர் வாயில் வைப்பது வேறு. அந்த வசதியை நிறுத்தி வைக்க முடியாவிட்டால் அந்த மென்பொருள் வேண்டாம்.

அனுமதி வாங்குவது சம்பிரதாயமல்ல

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் அமலுக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. அதனால் அதைக் கவனிக்கத் தேவையில்லை என்று எண்ணிவிடக்கூடாது. ஒருவரின் பெயரும் முகமும் குரலும் அவருடைய தனிப்பட்ட தரவுகள். அவர் தெரிந்துகொண்டு சம்மதம் தர வேண்டும். தந்த சம்மதத்தை மீளப் பெறவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. மதநம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவுகளையும் சிறுவர்களின் தரவுகளையும் அது விசேட வகையாகக் கருதுகிறது.

இது எம்மை நேரடியாகத் தொடும் இடம் உம்ரா, ஹஜ் முகவர் நிலையங்கள். குழுவாகச் சென்ற வயதான ஹாஜிமாரை ஹோட்டல் வாசலில் வைத்து, "எங்கள் சேவை எப்படி?" என்று வீடியோ எடுப்பது இப்போது வழமையாகிவிட்டது. திரும்பிவரும் டிக்கெட்டும் பாஸ்போட்டும் முகவரின் கையில் இருக்கும்போது அந்த மனிதர் எதைச் சொல்வார்? அந்த நிலையில் பெற்ற சொல்லைச் சம்மதம் என்றோ சாட்சி என்றோ சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பி, ஓரிரு வாரம் கழித்து, வீட்டில் இருக்கும்போது கேளுங்கள். அப்போது சொல்வதே உண்மையான நற்சான்று. அடுத்த வருடத்துக்காகக் காணியை விற்றும் சீட்டுப் பிடித்தும் பணம் சேர்க்கும் இன்னொரு குடும்பம் அந்தச் சொல்லை நம்பித்தான் முடிவெடுக்கும்.

பெண்களின் படங்கள் விடயத்தில் மேலும் கவனம் வேண்டும். ஆடைக் கடைக்கு அபாயா அணிந்து அனுப்பிய படம் உங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டதாக இருக்கலாம். "நல்லா இருக்கு" என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியைத் திரைப்படம் எடுத்து, தொலைபேசி இலக்கமும் முகப்படமும் தெரிய முகநூலில் போடுவது பெரிய தவறு. முகமில்லாமல், முதற்பெயர் மட்டும், ஊரின் பெயர் மட்டும் என்று வெளியிடுவதால் நற்சான்றின் பெறுமதி குறைந்துவிடாது.

படிவத்தின் இறுதியில் இப்படி ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்:

"மேலே எழுதியவை எனது சொந்த அனுபவம். இதற்காக எனக்குப் பணமோ சலுகையோ தரப்படவில்லை. இதை உங்கள் இணையத்தளத்திலும் முகநூல் பக்கத்திலும் வெளியிடலாம். என் பெயர்: முழுமையாக / முதற்பெயர் மட்டும் / வேண்டாம். என் புகைப்படம்: போடலாம் / வேண்டாம். நான் எப்போது கேட்டாலும் இதை நீக்கிவிட வேண்டும்."

இதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் நற்சான்றுக்கும் இதே வாசகத்தை அனுப்பி, "சம்மதம்" என்று ஒரு பதிலை வாங்கி, அட்டவணையில் குறித்துக்கொள்ளலாம்.

மென்பொருள் செய்ய முடிந்தாலும் நாம் செய்யக்கூடாதவை

2017 இல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று ட்ரிப் அட்வைசரில் பதிவு செய்தார். நண்பர்களைக் கொண்டு பொய் ரிவியூ எழுத வைத்தார். சில மாதங்களில் அந்த இல்லாத உணவகம் இலண்டன் நகர உணவகங்களின் வரிசையில் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது. போலிச் சொல்லால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது உலகுக்குக் காட்டியது.

அதன் பின்னர் விதிகள் இறுகியிருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய ரிவியூக்களுக்கென 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் விதி 2024 ஒக்டோபரில் அமலுக்கு வந்தது. போலி ரிவியூவை வாங்குவதும் விற்பதும் அதில் குற்றம், ஒரு மீறலுக்கே 50,000 டொலருக்கு மேல் தண்டம் விதிக்கலாம். பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலிருந்து போலி ரிவியூ தடை செய்யப்பட்டிருக்கிறது. எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான உறுதிமொழி தருவதையும் தடை செய்கிறது. இணையத்தில் சொன்னாலும் பொய் பொய்தான்.

முஸ்லிம் வியாபாரிக்குச் சட்டத்துக்கு முன்பே வேறோர் எல்லை இருக்கிறது. பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பதை மத்ரஸாப் பிள்ளையும் அறியும். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், வாங்குபவர்போல் நடித்து விலையை ஏற்றிவிடுவதற்கு "நஜ்ஷ்" என்று பெயர். நபிகளார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். தங்காத விடுதிக்கு மச்சானைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இரண்டு தவறுகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, ரிவியூ எழுதினால் விலைக்கழிவு தருவது. கூகுளும் ட்ரிப் அட்வைசரும் இதை அனுமதிப்பதில்லை. மற்றது, சில மென்பொருள்கள் தரும் ஒரு "வசதி": முதலில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு, நான்கும் ஐந்தும் தருபவரை மட்டும் கூகுளுக்கு அனுப்பி, குறைவாகத் தருபவரின் கருத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். திருப்தியானவர்களை மட்டும் தெரிந்தெடுத்து ரிவியூ கேட்பது கூகுளின் விதிக்கு முரணானது. பிடிபட்டால் நேர்மையாகப் பெற்ற ரிவியூக்களும் சேர்ந்து போய்விடக்கூடும். எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேளுங்கள். இரண்டு நட்சத்திரம் தந்தவருக்கு மரியாதையோடு பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை வாசிக்கும் அடுத்த விருந்தினர் உங்களைப் பற்றி நல்லதொரு முடிவுக்கு வருவார்.

எந்தத் தொழிலுக்கு எது பொருத்தம்?

*படகுச் சுற்றுலா, சாப்பாட்டுக் கடை:* கூகுள் பிசினஸ் புரொபைலும் கியூஆர் அட்டையும் போதும். சந்தா தேவையில்லை. படகிலிருந்து இறங்கி ஈரம் துடைக்கும்போது கேட்காதீர்கள். அன்று மாலை வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்புங்கள்.

*விருந்தினர் விடுதி:* முன்பதிவுத் தளங்களின் ரிவியூக்களே முதுகெலும்பு. அதோடு மும்மொழிக் கூகுள் போர்ம்ஸ் ஒன்றை வைத்து, வருபவற்றை உங்கள் தளத்தில் செருகுநிரல் மூலம் வெளியிடலாம். வீடியோ வேண்டுமானால் பருவ காலத்தில் மட்டும் மாதச் சந்தா எடுத்து, பருவம் முடியும்போது அனைத்தையும் இறக்கிக்கொண்டு நிறுத்திவிடலாம்; முதலாம் கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைத்திருந்தால் மட்டும்.

*இணையவழி விற்பனை:* ஆடையோ, கிண்ணியாத் தயிரோ, கருவாடோ எதுவானாலும், வாங்கியவர் மட்டும் எழுதக்கூடிய அமைப்பையே தெரிவு செய்யுங்கள். முகநூலில் மட்டும் விற்பவர்கள் அங்குள்ள சிபாரிசுப் பகுதியைத் திறந்து வைத்தால் போதும்.

*உம்ரா, ஹஜ் முகவர், கல்வி நிலையம், சிறு ஒப்பந்தக்காரர்:* இவர்களுக்கு வாடிக்கையாளர் தொகை குறைவு, தொகையின் பெறுமதி அதிகம். நட்சத்திரத்தைவிட விரிவான கதையே இங்கு வேலை செய்யும். எத்தனையாம் ஆண்டு, எத்தனை நாள், சொன்ன ஹோட்டல் கிடைத்ததா, சொன்ன விலையில் முடிந்ததா என்று கேட்டு எழுதப்பட்ட பத்து நற்சான்றுகள் நூறு "மாஷா அல்லாஹ், சுப்பர்" களைவிட மேலானவை.

கேள்விகளும் முக்கியம். "எங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்" என்றால் எல்லோரும் ஒரே நாலு வரியைத்தான் எழுதுவார்கள். எங்களைத் தெரிவு செய்ய முன் உங்களுக்கு என்ன தயக்கம் இருந்தது? எது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது? எதை நாங்கள் திருத்த வேண்டும்? எப்படிப்பட்டவர்களுக்கு எங்களைச் சிபாரிசு செய்வீர்கள்? இந்த நான்கும் போதும். மூன்றாவது கேள்விக்கான பதிலை வெளியிட வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அதை வாசிக்காமல் விடாதீர்கள். முழுப் படிவத்திலும் வியாபாரத்துக்கு அதிகம் உதவப் போவது அதுதான்.

ஒரு வாரப் பரீட்சை

எந்த மென்பொருளையும் வருடச் சந்தாவில் தொடங்காதீர்கள். இலவசக் காலத்தில் ஒரு வாரம் இப்படிப் பரீட்சித்துப் பாருங்கள். உண்மையான வாடிக்கையாளர் ஐந்து பேருக்கு இணைப்பை அனுப்புங்கள். அவர்களில் ஒருவராவது தமிழிலும் ஒருவராவது சிங்களத்திலும் எழுதுபவராக இருக்கட்டும். எத்தனை பேர் உதவி கேட்காமல் முடித்தார்கள் என்று பாருங்கள். வந்தவற்றில் ஒன்றை வெளியிட்டு, விலை குறைந்த ஒரு கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். பிறகு அதை நீக்கிப் பாருங்கள். தளத்திலிருந்து உடனே மறைகிறதா? கடைசியாக எல்லாவற்றையும் கோப்பாக இறக்கி, எக்செல்லில் தமிழ் எழுத்துகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். இந்த ஐந்திலும் தேறினால் பணம் கட்டலாம்.

தேறாவிட்டால் ஓர் இலவசப் படிவம், ஓர் அட்டவணை, ஒரு கியூஆர் அட்டை ஆகிய மூன்றோடு அடுத்த பருவத்தைத் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. எம்மை நம்பிச் சாப்பிட்டவரும் தங்கியவரும் பயணம் செய்தவரும் எம்மிடம் விட்டுச்செல்லும் சொல் ஓர் அமானிதம். அதைச் சொன்னபடியே வைத்திருப்பதும், கேட்டால் திருப்பிக் கொடுப்பதும், கூட்டாமல் குறைக்காமல் அடுத்தவருக்குக் காட்டுவதும் எமது பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற உதவும் மென்பொருளே நல்ல மென்பொருள்.